கல்லீரல் அறுவையில் ரத்தத்தைப் பிடித்து நிறுத்துவது எப்படி?

கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் அறுவைக்கு முதல் தடவையாக உதவிக்கு நிற்கப் போகிற ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டு பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஸ்டான்லி மருத்துவமனையில் இருந்தாலும் வடசென்னையில் வேறெங்கு இருந்தாலும் இது பயன்படும்.

ஒரு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் கல்லீரலுக்குள் போகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவும் மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. இரண்டும் பித்தநாளத்தோடு சேர்ந்து ஒரே கொத்தாகத்தான் கல்லீரலுக்குள் நுழைகின்றன. அந்தக் கொத்தை மொத்தமாக இறுக்குவதுதான் பிரிங்கிள் முறை. விபத்தில் கல்லீரல் கிழிந்தவர்களுக்காக, கிளாஸ்கோவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள் 1908இல் இதை எழுதினார். எண்ணூரிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வரும் குடும்பங்கள் ரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைவதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு யூனிட் மிச்சமானாலும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

முதலில் வீட்டில் பழகுங்கள். தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கறிக்கடை பாயிடம், "பித்தப்பையையும் அடியில இருக்கிற குழாயையும் அறுக்காம ஈரலை அப்படியே குடுங்க பாய்" என்று கேளுங்கள். பருத்தி நாடா, விரல் நீளத்துக்கு ரப்பர் குழாய், ஒரு ஆர்டரி ஃபோர்செப்ஸ் (ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி) போதும். நாடாவைக் கொத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் குழாய்க்குள் இழுத்து, குழாயைக் கீழே தள்ளி, மேலே ஃபோர்செப்ஸால் பிடியுங்கள். இறுக்கவும் தளர்த்தவும் கை தானாகப் பழகும்வரை செய்யுங்கள்.

தியேட்டரில் சீனியர் செய்வது இந்த வரிசையில் இருக்கும். இடது ஆள்காட்டி விரலைக் கொத்துக்குப் பின்னால், வின்ஸ்லோ துளை என்ற இயற்கையான திறப்பு வழியாக, வலமிருந்து இடமாக நுழைப்பார். விரலுக்குப் பின்னால் இருப்பது, உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் கீழ்ப்பெருஞ்சிரை. முன்பே வயிற்றில் அறுவை நடந்து அங்கே ஒட்டியிருந்தால் விரலைத் திணிக்கக் கூடாது, பொறுமையாகப் பிரிக்க வேண்டும். அப்புறம் இடப்பக்கம் சிற்றோமெண்டத்தின் (கல்லீரலையும் இரைப்பையையும் இணைக்கும் சவ்வின்) மெல்லிய பகுதியைத் திறந்து நாடாவைச் சுற்றுவார். திறக்கும் முன் அங்கே துடிப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது மிக முக்கியம். சிலருக்கு இடது கல்லீரல் தமனி இரைப்பைத் தமனியிலிருந்து கிளம்பி அந்த வழியாகத்தான் போகும். தெரியாமல் வெட்டினால் ரத்தம் கொட்டும். காப்பாற்றி வைத்தாலும் அதைத் தனியாகக் கிளாம்ப் செய்யாவிட்டால், கொத்தை எவ்வளவு இறுக்கினாலும் இடப்பக்கம் கசிந்துகொண்டே இருக்கும்.

இறுக்கும் முன் மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், இறுக்கிய நொடியில் கடிகாரத்தைப் பாருங்கள். வழக்கமான கணக்கு 15 நிமிடம் இறுக்கம், 5 நிமிடம் தளர்வு. சிரோசிஸால் தழும்பேறிச் சுருங்கிய கல்லீரல் ரத்தமில்லாமல் அவ்வளவு தாங்காது, அங்கே நேரத்தைக் குறைப்பதும் உண்டு. உதவியாளராக நிற்கும் நீங்கள் நிமிடத்தை உரக்கச் சொல்வதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, கொத்தை இறுக்கிய பிறகும் ரத்தம் வருகிறதே, ஏன்? புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். மோட்டாரை நிறுத்தினாலும் மேல்தொட்டித் தண்ணீர் குழாயில் திரும்பி வருவதைப் போல, கல்லீரல் சிரைகள் வழியாக ரத்தம் பின்னோக்கி வருகிறது. இதை நாடாவால் நிறுத்த முடியாது. மைய சிரை அழுத்தத்தை, அதாவது இதயத்துக்கு அருகே பெருஞ்சிரையில் இருக்கும் அழுத்தத்தை, 5 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே வைத்திருந்தால் அது நன்றாகக் குறையும். அது மயக்க மருத்துவரின் கையில் இருக்கிறது: வெட்டி முடியும்வரை திரவத்தை அளந்து கொடுப்பார். என்னைக் கேட்டால், நல்ல கிளாம்பைவிட அவரோடு நல்ல பேச்சுவார்த்தைதான் அதிக ரத்தத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அழுத்தம் மிகவும் குறைந்தால் திறந்த சிரைக்குள் காற்று இழுக்கப்படும் ஆபத்து உண்டு. அதனால் சிரையில் ஓட்டை தெரிந்தால் உடனே விரலை வைத்து மூடிவிட்டு, பிறகு தையல் கேளுங்கள்.

ஒரு பாதியை மட்டும் இறுக்கும் முறையும் உண்டு; மறுபாதிக்கு ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கட்டி பெருஞ்சிரையை ஒட்டியிருந்தால் பெருஞ்சிரையையும் மேலும் கீழும் மூடுவார்கள். அப்போது ரத்த அழுத்தம் சரியும், எல்லாரும் தாங்க மாட்டார்கள். ஆரம்பத்தில் இவற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் போதும்.

வெட்டி முடிந்ததும் நாடாவைத் தளர்த்துங்கள், உடனே உருவிவிடாதீர்கள். மயக்க மருத்துவர் திரவம் கொடுத்து அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒளிந்திருந்த கசிவுகள் தெரியும். வெட்டிய பரப்பில் சுத்தமான வெள்ளைத் துணியைச் சில நிமிடம் அழுத்தி எடுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் ரத்தக் கசிவு, மஞ்சளாக இருந்தால் பித்தக் கசிவு. இரண்டையும் தைத்து முடித்த பிறகே நாடாவை வெளியே எடுக்கலாம்.