குடவோலைப் பாடத்தில் வாத்தியார்கள் சறுக்கும் இடங்கள்

"குடவோலை முறை என்றால் என்ன?" என்று கேட்டால் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்வார்கள்: பானையில் பெயர் எழுதிய ஓலை போட்டு, எடுத்து, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது. இரண்டு மார்க் கிடைத்துவிடும். யாருடைய பெயரை ஓலையில் எழுதினார்கள் என்று அடுத்த கேள்வி போட்டால் வகுப்பே கப்சிப்.

முதல் சறுக்கல், பெருமையில் தொடங்கிப் பெருமையிலேயே பாடத்தை முடிப்பது. "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம்" என்று முழங்குவதற்கு முன் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தது. வாரியத்துக்கு, அதாவது ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் குழுவுக்கு, வர வேண்டுமென்றால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பும் வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. உழுத குடிகளின் பெயர் அந்தக் குடத்துக்குள் விழவே இல்லை. இதை நாம் மறைத்தால், பிள்ளை பின்னால் எங்காவது படித்துவிட்டு, நாம் சொன்ன நல்லதையும் சேர்த்துப் பொய் என்றுதான் நினைக்கும்.

அதற்காக "இதில் ஒன்றுமே இல்லை" என்று ஒதுக்குவதும் சரியில்லை. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் உறவினருக்கும் இடமில்லை என்கிறது அதே கல்வெட்டு. விவரம் தெரியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க வேண்டும். அவனிடமிருந்து அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். இதைச் சும்மா வாசித்துவிட்டுப் போகாதீர்கள். கையை விரித்துக் காட்டி, "ஏன் இப்படி?" என்று கேளுங்கள். தேர்வில் தேறாத பையன்தான் கடைசி பெஞ்சிலிருந்து முதலில் சொல்வான்: "ஓலையை மாத்திடுவாங்க சார்!" தில்லுமுல்லு பார்த்துச் சலித்தவர்கள் எழுதிய விதி அது.

சின்ன விஷயம் ஒன்று: 'குடும்பு' என்பதைக் குடும்பம் என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டாம். இன்றைய வார்டு மாதிரி அது. அந்த ஊரில் 30 இருந்தன.

அப்புறம் ஆண்டுகள். 919, 921 என்று இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், அவ்வளவுதான். இரண்டும் அதே சபை போட்ட ஏற்பாடுகளின் ஆண்டுகள். இரண்டே வருஷத்தில் விதியை ஏன் திருத்த வேண்டி வந்தது? விடையை நீங்கள் சொல்லாதீர்கள். இரண்டு விதிகளையும் பலகையில் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, சாக்பீஸை அவர்கள் கையில் கொடுங்கள்.