பிடித்த மீனை நிறுக்கத் தராசு வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

முதன்முதலில் வாங்கிய டிஜிட்டல் தொங்கு தராசை நான் இரண்டு வருடம் கேள்வியே கேட்காமல் நம்பியிருந்தேன். திரையில் 6.30 என்று வந்த ஒரு மீனைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அப்புறம் ஒரு நாள் வீட்டில் 5 லிட்டர் கேனில் தண்ணீரை நிரப்பித் தராசில் மாட்டிப் பார்த்தேன், 5.38 என்று நின்றது. காலி கேன் 140 கிராம்; தண்ணீரோடு சேர்த்து 5.14 கிலோவைத் தாண்டவே கூடாது. ஏறக்குறைய கால் கிலோ அதிகம்! அதே கணக்கைப் போட்டால் அந்த 6.30 மீன் 6 கிலோவை ஒட்டித்தான் இருந்திருக்கும். இரண்டு வருடமாக நோட்டில் தேதி போட்டுக் குறித்து வைத்த எடைகள் அத்தனையும் வீணாகிப் போனது இன்றும் உறுத்துகிறது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். பெட்டியின் மேல் "10 கிராம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். தராசு எத்தனை கிராம் படியாக எண்ணைக் காட்டும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. காட்டுகிற எண் எவ்வளவு சரி என்பது வேறு கதை. என் பழைய தராசும் 10 கிராம் படியாகத்தான் காட்டியது, எண்தான் தப்பு. நீங்கள் தேட வேண்டியது துல்லியம் பற்றிய வரியை. பெரும்பாலும் சிறிய எழுத்தில் ±0.5% என்றோ ±1% என்றோ இருக்கும். அதிலும் அந்தச் சதவீதம் மாட்டியிருக்கும் எடையில் கணக்கா, தராசின் உச்ச எடையில் கணக்கா என்று பாருங்கள். 50 கிலோ தராசில் உச்ச எடைக்கு 1% என்றால் அரைக் கிலோ. 2 கிலோ மீனை மாட்டும்போதும் அந்த அரைக் கிலோ பிழைக்கு இடம் உண்டு, அதாவது மீனில் கால் பங்கு! துல்லியத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத தராசை நான் இப்போதெல்லாம் வாங்குவதே இல்லை.

ஆகவே என்றாவது மாட்டப்போகும் பெரிய மீனை நினைத்து வாங்காமல், வாராவாரம் கைக்கு வரும் மீனை நினைத்து வாங்குங்கள். உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 1 முதல் 4 கிலோ என்றால் 10 கிலோ தராசு போதும். வழக்கமாகக் கிடைக்கும் பெரிய மீனைப் போல இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு உச்ச எடை இருந்தால் நல்லது என்பது என் கணக்கு. அதற்காக உச்ச எடை உங்கள் பெரிய மீனின் எடையை ஒட்டியே இருக்கும் தராசையும் வாங்காதீர்கள், ஏனென்றால் தாங்கக்கூடியதற்கு மேல் பாரம் விழுந்தால் ஸ்பிரிங்கோ, டிஜிட்டலில் உள்ளே பாரத்தை உணரும் லோட் செல் என்ற உலோகத் துண்டோ நிரந்தரமாக வளைந்துவிடும், அதற்குப் பிறகு அது எதைக் காட்டினாலும் நம்ப முடியாது. சின்ன மீனும் ராட்சத மீனும் மாறி மாறிப் பிடிப்பவர் என்றால் இரண்டு தராசு வைத்துக்கொள்வதுதான் வழி.

ஸ்பிரிங்கா, டிஜிட்டலா என்று எல்லோரும் கேட்பார்கள். ஸ்பிரிங் தராசில் பாரத்துக்குத் தகுந்தபடி ஸ்பிரிங் நீளும், முள் நகரும், அவ்வளவுதான். பள்ளியில் படித்த ஹூக் விதி. பேட்டரி வேண்டாம், தண்ணீரில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துவிட்டு உபயோகிக்கலாம். ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், வருடக்கணக்கில் பாரம் தாங்கித் தாங்கி ஸ்பிரிங் தளரும், முள் சில சமயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். குழாய் மாதிரி சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வகையில் கோடுகள் மிக நெருக்கமாக இருப்பதால் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்து எடை மாறும். ஸ்பிரிங்தான் வேண்டும் என்றால் பெரிய வட்ட முகமும், பூஜ்யத்தைத் திருத்த ஒரு திருகும் இருக்கிற தராசாகப் பாருங்கள். முள்ளைப் பக்கவாட்டில் இருந்து பார்க்காமல் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும்.

டிஜிட்டலில் உள்ளே ஒரு சின்ன உலோகத் துண்டு பாரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன் மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் படலத்தின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது, அதை எண்ணாக மாற்றித் திரை காட்டுகிறது. நல்ல தராசில் இது ஸ்பிரிங்கை விடத் துல்லியம்தான். ஆனால் கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் கொஞ்சம் நகரும், பேட்டரி தீரும் நேரத்தில் ஏடாகூடமாகக் காட்டலாம். வெயிலில் கிடந்த தராசை எடுத்த உடனே நிறுக்காமல் நிழலில் ஐந்து நிமிடம் வையுங்கள். என்னைக் கேட்டால் நல்ல டிஜிட்டல் ஒன்று, கூடவே பையில் ஒரு மாற்று பேட்டரி.

டிஜிட்டலில் இரண்டு வசதிகள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒன்று டேர் பட்டன்: வெறும் பையை மாட்டி அழுத்தினால் பூஜ்யம் ஆகிவிடும், பிறகு மீனின் எடை மட்டும் வரும். இன்னொன்று எண் நிலைத்து நிற்கும் வசதி, மீன் துள்ளும்போது எண்ணைத் துரத்திக்கொண்டிருக்க முடியாது. பிடி கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். ஈரக் கையில் வழுக்கும் மெலிந்த பிடி எரிச்சலைத்தான் தரும். வாங்கிய அன்றே அலகையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பல தராசுகள் பவுண்டில் வரும். 5.8 என்று வந்தால் அது 5 பவுண்ட் 8 அவுன்ஸ் ஆகாது. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ் என்பதால் 5.8 பவுண்ட் என்பது 5 பவுண்ட் 12.8 அவுன்ஸ், கிலோவில் சுமார் 2.63. ஒரு தடவை கிலோவில் வைத்துவிட்டு மறந்துவிடுவதே நிம்மதி.

தண்ணீர் புகாது என்று வெறுமனே எழுதியிருப்பதை நம்பாதீர்கள், தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் ஐபி (IP) எண்ணைப் பாருங்கள். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே போகாது, ஐபிஎக்ஸ்4 என்றால் மேலே தெறிப்பதைத்தான் தாங்கும். கடலில் மீன் பிடிப்பவர்கள் கொக்கி துருப்பிடிக்காத எஃகா என்பதையும் பேட்டரி மூடியின் ரப்பர் வளையம் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெரும்பாலான டிஜிட்டல் தராசுகள் சாவது பேட்டரி முனையில் படியும் பச்சைப் பாசி மாதிரியான அரிப்பினால்தான்.

சரி, வாங்கியாயிற்று. இப்போதுதான் முக்கியமான வேலை. பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நீங்களே சோதியுங்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிலோ. 30 டிகிரி வெப்பத்தில் 996 கிராம் அளவுக்கு வரும், இந்த வேலைக்கு அது போதும். கடல் தண்ணீர் வேண்டாம், லிட்டருக்கு 25 கிராம் வரை கூடும். ஆனால் கேனில் 5 லிட்டர் என்று எழுதியிருக்கும் கோடு சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, அதனால் நிரப்பிய கேனை இறுக மூடி, அதிகாரபூர்வமாகச் சோதித்து முத்திரையிட்ட தராசு எங்காவது இருந்தால் ஒருமுறை நிறுத்து, அந்த எடையைக் கேனிலேயே எழுதிவிடுங்கள். இனி அதுதான் உங்கள் எடைக்கல்.

ஒரே ஒரு எடையில் சோதித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். 1 கிலோவில் சரியாக இருக்கும் தராசு 8 கிலோவில் 150 கிராம் தவறலாம். தராசின் உச்ச எடையைத் தாண்டாமல் 1, 2, 5, 10 கிலோ என்று படிப்படியாக மாட்டுங்கள், உங்கள் மீன்கள் விழும் எடைக்கு அருகில் இரண்டு புள்ளிகள் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை கழற்றி மாட்டுங்கள். 5.12, 5.13, 5.12, 5.12, 5.13 என்று வந்தால் அது நல்ல தராசு, மொத்தமாக 30 கிராம் தள்ளியிருந்தாலும் பரவாயில்லை, கழித்துக்கொள்ளலாம். 5.05, 5.21, 5.10 என்று ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்கிற தராசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அதற்கு மருந்து கிடையாது. அப்புறம் கேனை ஐந்து நிமிடம் தொங்கவிட்டு எண் மெல்ல ஏறுகிறதா என்று பாருங்கள் (திரை தானாக உறைந்துவிடும் தராசு என்றால் அந்த வசதியை அணைத்துவிட்டு), கழற்றியதும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். ஊருக்கு ஊர் புவியீர்ப்பும் கொஞ்சம் மாறும்: நிலநடுக்கோட்டுக்கும் துருவத்துக்கும் இடையே சுமார் அரை சதவீதம், 10 கிலோவுக்கு 50 கிராம். எங்கோ தொழிற்சாலையில் சரிசெய்த தராசை நீங்கள் மீன் பிடிக்கும் பக்கத்திலேயே சோதித்துவிட்டால் இதுவும் சேர்ந்து சரியாகிவிடும்.

தராசு சரியாக இருந்தும் நிறுக்கும் விதத்தில் எடை தவறிப்போகும். படகில் நின்று நிறுத்தால் படகு ஏறி இறங்கும்போது மீனின் பாரமும் ஏறி இறங்கும். மென்மையான அலையில்கூட 5 கிலோ மீன் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவே ஊசலாடலாம். கரைக்கு வந்து நிறுப்பதுதான் சரி. கையில் பிடித்தால் நடுக்கம் எண்ணில் தெரியும், ஆகவே ஒரு கிளையிலோ குறுக்குக் கம்பியிலோ தராசை மாட்டுங்கள், கொக்கி நேர் கீழே தொங்க வேண்டும், மீன் எதன் மேலும் உரசக் கூடாது.

திருப்பி விடப்போகும் மீனைச் செவுளில் கொக்கி போட்டுத் தொங்கவிடாதீர்கள். தாடையைக் கவ்வும் தராசும் சின்ன மீனுக்கு மட்டும்தான். பெரிய மீனின் முழுப் பாரத்தையும் தாடை தாங்காது, உள்ளுறுப்புகளும் இழுபடும். துளைகள் உள்ள எடைப்பையை நனைத்து, நீரை வடியவிட்டு, மாட்டி, டேர் அழுத்தி, பிறகு மீனைப் படுக்கவைத்துத் தூக்குங்கள். பை ஈரமாக இருந்தால்தான் மீனின் வழவழப்பு உரியாது. நனைக்காமல் பூஜ்யம் செய்துவிட்டு, பிறகு நனைந்த பையில் மீனைப் போட்டால் பை குடித்த தண்ணீரும் மீன் கணக்கில் சேரும், என் பையில் அது 90 கிராம் வரை வந்திருக்கிறது.

எண்ணில் சந்தேகம் வந்தால் அளவுநாடா இருக்கிறது. சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, எல்லாம் செ.மீ.யில், 29,000-ஆல் வகுத்தால் தோராயமான கிலோ வரும். 70 செ.மீ. நீளம், 40 செ.மீ. சுற்றளவு என்றால் சுமார் 3.9 கிலோ. மீனின் உடல்வாகைப் பொறுத்து மாறும், ஆனால் தராசு 5.2 என்று சொன்னால் நின்று யோசிக்க இது போதும்.

உலக சாதனைக்கு அனுப்ப நினைத்தால் விதிகள் கடுமையானவை. 1939-இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐஜிஎஃப்ஏ, கடலில் படகில் நிறுத்த எடையை ஏற்பதில்லை. தராசு கடந்த 12 மாதங்களுக்குள் சோதித்துச் சான்று பெற்றிருக்க வேண்டும், பை, கயிறு எடையைக் கழிக்க வேண்டும், முள் இரண்டு கோடுகளுக்கு நடுவே நின்றால் கீழ்க்கோட்டைத்தான் எழுத வேண்டும். சாதனை நோக்கம் இல்லாவிட்டாலும் இந்தக் கடைசி விதியை நான் என் நோட்டிலும் பின்பற்றுகிறேன்.

ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கொக்கியில் எதையும் மாட்டாமல் வையுங்கள். சீசன் முடிந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கேனை மாட்டிப் பாருங்கள். என் தராசின் முதுகில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன்: சோதித்த தேதி, அதன் கீழே "2-இல் சரி, 5-இல் +20, 10-இல் +50". மீனை நிறுத்ததும் அதைத் திருப்பிப் பார்த்துக் கழித்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுகிறேன்.