உணவு ஆய்வுச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு ஆய்வுகளைப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டால், ஒன்றுதான் மற்றொன்றை உண்டாக்குகிறது என்று முடிவுகட்டிவிடுவதே அது. காய்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதையும், அவர்களது இரத்தத்தில் பீட்டா கரோட்டின் என்னும் சத்து கூடுதலாக இருப்பதையும், மக்களின் வழக்கத்தை மாற்றாமல் கவனிக்க மட்டும் செய்யும் பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருந்தன. அப்படியானால் அந்தச் சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்க்கலாமே என்று, பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையிலான, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வெளிவந்தபோது, பீட்டா கரோட்டின் உட்கொண்டவர்களிடம், உட்கொள்ளாதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் புகைபிடிப்போருக்கும் கல்நார் தொழிலாளர்களுக்கும் அதனுடன் வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த மற்றொரு சோதனை, இதே போன்ற தீங்கு தெரியவந்ததால் 1996 ஜனவரியில் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

காய்கறி விரும்பிச் சாப்பிடுபவர் பெரும்பாலும் குறைவாகப் புகைபிடிப்பார், உடற்பயிற்சி செய்வார், வசதியும் கல்வியும் சற்றுக் கூடுதலாகப் பெற்றிருப்பார். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டோம் என்று ஆய்வாளர்கள் எழுதுவது உண்மைதான். ஆனால் அளந்தவற்றை மட்டுமே, அதுவும் அளந்த துல்லியத்துக்கு உட்பட்டே, புள்ளியியலால் சரிசெய்ய முடியும் என்பதை மறக்கக் கூடாது.

உணவை அளக்கும் முறையைக் கவனிக்காமல் முடிவை மட்டும் படிப்பது அடுத்த தவறு. பெரிய ஆய்வுகளில் பங்கேற்பவரிடம் நீண்ட வினாப்பட்டியல் ஒன்று தரப்படும். கடந்த ஓராண்டில் பழம் எத்தனை முறை சாப்பிட்டீர்கள், மாதம் ஒருமுறையா, வாரம் இரண்டு மூன்று முறையா, நாள்தோறுமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் இருக்கும். போன வாரம் உண்டதையே சரியாகச் சொல்ல முடியாத நாம், ஓராண்டின் சராசரியை மனக்கணக்காகப் போட்டுக் கட்டத்தில் குறியிட வேண்டும். உடல் செலவழிக்கும் ஆற்றலை ஐசோடோப்பு (சற்றே எடை மாறுபட்ட அணுக்கள்) கலந்த நீரைக் குடிக்கவைத்து அளந்து, அவர்கள் சொன்ன உணவின் ஆற்றலோடு ஒப்பிட்டபோது, மக்கள் தாம் உண்பதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பதும், உடல் எடை கூடியவர்களிடம் இந்தக் குறைவு பெரிதாக இருக்கிறது என்பதும் தெரியவந்துள்ளன. பிழை எல்லோரிடமும் ஒரே அளவில் இருந்திருந்தால் சமாளித்துவிடலாம். ஆளுக்கு ஆள் மாறுவதுதான் சிக்கல்.

குலுக்கல் முறைச் சோதனை என்றாலே கேள்விக்கு அப்பாற்பட்டது என்று நம்புவதும் தவறே. அமெரிக்காவில் 48,835 பெண்களிடம் நடந்த பெரிய சோதனையில், ஒரு குழுவினர் உணவாற்றலில் கொழுப்பின் பங்கை 20 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டார்கள். ஆறாம் ஆண்டில் அவர்களது அளவு ஏறத்தாழ 29 சதவீதமாக இருந்தது. அத்தகைய சோதனையில் பெரிய பலன் தெரியவில்லை என்றால், குறை கொழுப்புணவால் பயனில்லை என்பது பொருளா, அந்த உணவு முறை சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பது பொருளா என்று பிரித்தறிவது கடினம். மாறாக, 2019இல் வெளியான ஒரு சோதனையில் 20 பேரை ஆய்வு மருத்துவமனையிலேயே நான்கு வாரம் தங்கவைத்து, ஒவ்வொரு கவளத்தையும் கணக்கிட்டார்கள். மிகைப் பதப்படுத்திய உணவு (தொழிற்சாலையில் பல சேர்மானங்களோடு தயாரிக்கப்படுவது) கிடைத்த இரு வாரங்களில் அவர்கள், மற்ற இரு வாரங்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். துல்லியமான சோதனைதான், ஆனால் பத்தாண்டுகளில் என்ன நோய் வரும் என்பதை நான்கு வாரம் சொல்லாது.

சதவீதத்தைப் படிக்கும்போது எதன் சதவீதம் என்று கேட்காமல் விடக் கூடாது. பதப்படுத்திய இறைச்சியை நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தை 18 சதவீதம் உயர்த்துகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அறிவித்தது. வாழ்நாளில் நூறில் ஐந்து பேருக்கு அந்நோய் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஐந்து ஏறத்தாழ ஆறாகும். நூறில் பதினெட்டுப் பேர் கூடுதலாக நோயுறுவார்கள் என்பதல்ல. அந்த முகமை பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற பிரிவில் சேர்த்தது; புகையிலையையும் இதே பிரிவில் வைத்திருப்பதைக் கண்டு இரண்டும் சம அளவு ஆபத்தானவை என்று எழுதியவர்களும் தவறாகவே புரிந்துகொண்டார்கள். சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அந்தப் பிரிவு காட்டுகிறது, தீங்கின் அளவை அல்ல.

ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். அது மட்டுமே ஓர் ஆய்வைப் பொய்யாக்கிவிடாது என்றாலும், எந்தக் கேள்வி கேட்கப்பட்டது, எது கேட்கப்படவில்லை என்பதை அது பெரும்பாலும் விளக்கிவிடும்.

இத்தனை குறைகளையும் அறிந்த பிறகு, உணவு ஆய்வு எதையும் நம்ப முடியாது என்று ஒதுக்குவதை நான் இவை எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். தாவர எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் செயற்கை டிரான்ஸ் கொழுப்பின் தீமை, குறைகளுள்ள இத்தகைய ஆய்வுகளால்தான் நிலைநாட்டப்பட்டது. அது தீய கொலஸ்டிராலை உயர்த்தி நல்ல கொலஸ்டிராலைக் குறைக்கிறது என்று நெதர்லாந்தில் நடந்த குறுகிய காலச் சோதனை 1990இல் காட்டியது. அதை அதிகம் உண்போருக்கு இதய நோய் கூடுதலாக வருவதை நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகள் தனியே காட்டின. முன்னதில் நோயை அளக்கவில்லை. பின்னதில் உணவைக் கட்டுப்படுத்தவில்லை. வெவ்வேறு குறைகள் கொண்ட அந்த ஆய்வுகள் ஒரே திசையைச் சுட்டியதால்தான், உலக சுகாதார அமைப்பு 2018இல் அக்கொழுப்பை உணவிலிருந்து அறவே நீக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொள்ள முடிந்தது.