பாய்சன் ஐவி பட்டால் ஷூ லேஸையும் கழுவுங்கள்

நியூ ஜெர்சியில் வீடு வாங்கிய முதல் மே மாதம், பின்பக்க வேலியில் படர்ந்திருந்த கொடியை வெறுங்கையால் பிடுங்கிப் போட்டேன். அது பாய்சன் ஐவி, தொட்டாலே தோலைப் புண்ணாக்கும் கொடி. இரண்டாம் நாள் முன்கையில் கோடு கிழித்த மாதிரி சிவந்து, கொப்புளம் கிளம்பி, ராத்திரி முழுக்க அரிப்பு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்துவிட்டு, "என்னடா, முந்திரி எண்ணெய் பட்ட கை மாதிரி இருக்கு?" என்றார். அம்மாவுக்குப் பண்ருட்டி. கொட்டை உடைக்கிறவர்கள் கை வெந்துபோவதைப் பார்த்தே வளர்ந்தவர்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. பாய்சன் ஐவி, முந்திரி, மா, சேராங்கொட்டை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இந்தக் கொடியில் இருப்பது உருஷியால் என்ற எண்ணெய். முந்திரி ஓட்டு எண்ணெய் அதற்குப் பங்காளி.

அடையாளம் இதுதான்: ஒரு காம்பில் மூன்று இலை. நடு இலைக்கு மட்டும் தனியாக நீளக் காம்பு. பக்கத்து இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும். முள் கிடையாது. முள் இருந்தால் ராஸ்ப்பெர்ரி வகை, ஐந்து இலை என்றால் பெரும்பாலும் வர்ஜீனியா கிரீப்பர் என்ற வேறு கொடி. துளிர் செம்மை ஓடியிருக்கும், கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் அழகான சிவப்பு (பறித்து ஜாடியில் வைக்கத் தோன்றும், வேண்டாம்). குளிர்காலத்தில் இலையே இருக்காது. மரத்தில் ரோமம் முளைத்த கயிறு மாதிரி ஏறியிருக்கும். அந்தக் கயிற்றிலும் எண்ணெய் உண்டு.

பட்டது தெரிந்தால் உடனே கழுவ வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது, தாமதமானாலும் விடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு, நிறையத் தண்ணீர், நகத்துக்கு அடியிலும். பிறகு துணி, மண்வெட்டிப் பிடி, செல்போன், நாய் இருந்தால் அதன் ரோமம். நான் ஷூ லேஸை மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அதைக் கட்டிவிட்டு கண்ணைக் கசக்கினேன். மறுநாள் சாயங்காலத்துக்குள் இமை வீங்கி, ஒரு கண் திறக்கவில்லை. அந்த எண்ணெய் பொருள்களில் மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தங்கும்.

கொப்புளத்து நீரால் பரவும் என்பது தப்பு. எண்ணெய் அதிகம் பட்ட இடத்தில் முதலில் வரும், மற்ற இடங்களில் பின்னால் வரும்; அதுதான் பரவுகிற மாதிரி தெரிகிறது.

அரிப்புக்கு ஈரத்துணி ஒத்தடம், காலமைன் லோஷன், 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம், ஓட்ஸை மாவாக அரைத்துக் கரைத்த நீரில் குளியல். அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக்கொண்டு வந்தார். கொப்புளம் உடைந்த தோலில் எதையும் அப்ப வேண்டாமென்று கெஞ்சித் தடுத்தேன். பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும்.

முகம், கண், பிறப்புறுப்பில் வந்தாலோ, உடம்பில் பெரும்பகுதி பாதித்தாலோ, சீழோ காய்ச்சலோ இருந்தாலோ டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் உடனே 911 (இங்கே அவசர உதவி எண்). என் கண்ணுக்கு ஆறு நாள் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார்கள். முடிந்த இரண்டாம் நாளே எல்லாம் திரும்பி வந்தது. பிறகு வேறொரு டாக்டர்தான் அளவைக் குறைத்துக்கொண்டே மூன்று வாரம் தந்தார். மாத்திரை எழுதும்போதே எத்தனை நாள் என்று கேட்டுவிடுங்கள்.

மிச்சக் கொடியைத் தடித்த வினைல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுப் பிடுங்கி, குப்பைப் பையில் கட்டிப் போட்டேன். ரப்பர் கையுறைக்குள் எண்ணெய் ஊறிவிடும். எரிக்கவே கூடாது, புகை நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

மாந்தோலிலும் இந்த வகை எண்ணெய் இருப்பதால், மாம்பழத்தை இப்போது சதையாக மட்டும்தான் தின்கிறேன். தோல் சீவுவது அம்மா.