ஜெபம் வறண்டபோது

ஞாயிறு ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து பாடும்போது குறை ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை விடியற்காலையில் தனியே முழந்தாளிட்டால்தான் வாய் அடைத்துப்போகும். திறந்தாலும் தேவைகளின் பட்டியல்தான் வரும். திருகோணமலையில் தெரிந்தவர்களிடம் கேட்டேன். “இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்” என்றார்கள். கிணறு வற்றியவனிடம் இன்னும் இறை என்பது போல!

வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களான சங்கீதங்கள்தான் கைகொடுத்தன. மொத்தம் 150. ஒரு வசனத்தைச் சத்தமாக வாசிப்பேன். அதையே என் வார்த்தைகளில் கடவுளிடம் சொல்வேன். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்: முறையீட்டில் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. 88 அப்படியல்ல. இருளோடேயே முடிகிறது; அதை யாரும் துடைத்து மினுக்கிவைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதை வாசித்த அன்று கடனைப் பற்றியும், அண்ணனோடு இருந்த மனத்தாங்கலைப் பற்றியும் கோபமாகவே பேசினேன்.

“யாரோடு சண்டை பிடிக்கிறாய், தம்பி?” என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டார்.

“கர்த்தரோடு, அம்மா.”

“சரி, மெதுவாகப் பிடி. பிள்ளைகள் தூங்குகிறார்கள்.”

அதன்பின் பேச்சு வற்றவில்லை. ஞாயிறு பாட்டுக்கும் இப்போது பொருள் இருக்கிறது. முயன்று பார்ப்பவர்கள் ஒரு நாளைக்கு ஒரு சங்கீதம் எடுத்தால் போதும். 119ஐ மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள், அதில் 176 வசனங்கள்.