கட்டும்போது சுருங்கும் வீடு, விரியும் வீடு: டேப்பும் கையுமாகப் பார்ப்பது எப்படி?

அடித்தளம் போட்டு முடித்த வாரத்தில் வீட்டின் அளவைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் தரை வீடுகள், அதாவது அடுக்குமாடியில் இல்லாமல் நிலத்தில் தனியாக நிற்கும் வீடுகள், கட்டும் வேலையில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளனாக இருந்தேன். இப்போது வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். இரண்டு வேலையிலும் வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "வரைபடத்தில் பார்த்த வீடு இதுதானா?"

வேலை நடக்கும் மாதங்களில் வீடு சிறுத்தும் பெருத்தும் தெரிந்துகொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதி கண்ணின் வேலை. ஆனால் ஒரு பகுதி நிஜமாகவே குறைகிறது. கண்ணுக்கு மட்டும் குறைவது எது, டேப் வைத்து அளந்தாலும் குறைவது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பணமும் மிச்சம், வீட்டுக்குள் வாக்குவாதமும் மிச்சம்.

வேலை தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இப்போது குடியிருக்கும் வீட்டை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூடத்தின் நீளம், அகலம், படுக்கையறை, சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலியை இழுத்து உட்கார எவ்வளவு இடம் போகிறது, சமையலறையில் இருவர் முதுகோடு முதுகு உரசாமல் நிற்க எவ்வளவு தேவைப்படுகிறது. 4.2 மீட்டர் என்று வெறும் எண்ணாகக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "நம் கூடத்தைவிட ஒரு முழம் குறைவு" என்றால் பாட்டிக்கும் புரியும். 5 மீட்டர் இரும்பு டேப் ஒன்று போதும். வீட்டில் பெரியவர்கள் சதுர அடியில் பேசினால், 1 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 10.76 சதுர அடி என்பதை அதே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அடித்தளம் ஏன் சிறிதாகத் தெரிகிறது?

சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிய ஓர் அக்கா, தரைத்தளக் கான்கிரீட் காய்ந்ததும் குடும்பத்தோடு பார்க்க வந்தார். "தம்பி, கூடம் இவ்வளவுதானா? வரைபடத்தில் 5 மீட்டர் என்று போட்டிருந்ததே!" என்றார். டேப்பின் ஒரு நுனியை அவர் மகனிடம் கொடுத்து இழுத்துக் காட்டினேன். ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அப்படியும் அவர் முகம் தெளியவில்லை. அந்தச் சுவரை இன்னும் அரை மீட்டர் தள்ளிக் கட்ட முடியுமா என்றுதான் அடுத்துக் கேட்டார்.

அவர் கண்ணைக் குறை சொல்ல முடியாது. மேலே வானம் திறந்து கிடக்கிறது, இரு பக்கமும் அண்டை வீடுகள் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கின்றன. அந்தப் பரப்புக்கு முன்னால் எந்தத் தளமும் சிறிதாகத்தான் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. நாம் தரையை மேலிருந்து பார்ப்பதில்லை, சாய்வாகப் பார்க்கிறோம். நம் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து பார்க்கும்போது அகலம் ஓரளவு சரியாகத் தெரிகிறது. நம்மை விட்டு விலகிப் போகும் நீளம் மட்டும் நசுங்கித் தெரிகிறது. சுவர் எழும்பிய பிறகு அதே நீளத்தைப் பக்கச் சுவர் நமக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தக் கட்டத்தில் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியையும் மடிப்பு மேசையையும் வண்டியில் போட்டுக்கொண்டு போங்கள். ஒப்பந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, பாதுகாப்புத் தொப்பியும் காலணியும் அணிந்து, வேலை நிற்கும் நேரத்தில் போக வேண்டும். மேசையைச் சாப்பாட்டு இடத்தில் விரித்து, நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவரை எதிர்ச் சுவர் வரப்போகும் கோட்டில் நிற்கச் சொல்லி, சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். அந்தத் தொலைவு கூடத்துக்குப் போதுமா என்று உடனே தெரிந்துவிடும். அந்த அக்காவும் மேசையைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் சுவரைத் தள்ளும் பேச்சை விட்டார்.

தள்ளுவது எளிதும் அல்ல. சாதாரணத் தரை வீடுகளுக்குப் பக்கவாட்டு, பின்புற எல்லைக் கோடுகளிலிருந்து 2 மீட்டர் விட வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. தூணையோ தாங்கு சுவரையோ நகர்த்தினால் பொறியாளர் கணக்கை மாற்ற வேண்டும், வரைபடத்தைத் திருத்தி மறுபடியும் ஒப்புதல் வாங்க வேண்டும், அதுவரை ஆட்கள் சும்மா இருக்க வேண்டும். கண் சொன்ன பொய்க்காக இவ்வளவு செலவு செய்யலாமா?

சுவரும் முட்டும்

சுவர் எழும்பியதும் வீடு பெரிதாகிவிடும். ஒரே பார்வையில் எல்லா ஓரங்களும் தெரிந்த நிலை போய், ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நடந்து போய்ப் பார்க்கும் நிலை வருகிறது. நடக்கும் நேரம் இடத்தைக் கூட்டிக் காட்டும். இந்த மகிழ்ச்சியும் நீடிக்காது. மேல்தளத்துக் கான்கிரீட்டை ஊற்றச் சென்ட்ரிங் பலகை அடித்து, அடியில் அதைத் தாங்கும் இரும்பு முட்டு கொடுத்ததும் இருட்டிலும் இரும்புக் கால்களின் நெரிசலிலும் அறை பாதியாகத் தெரியும். முட்டு பிரித்த அன்று மறுபடியும் விரியும். பூசாத சாம்பல் நிறச் சுவர் வெளிச்சத்தை விழுங்கும், வெள்ளைப் பூச்சு அதைத் திருப்பித் தரும். இவை எல்லாம் ஒரே அறைதான். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்று, ஏறக்குறைய ஒரே நேரத்தில், கைப்பேசியை ஒரே உயரத்தில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். படங்களை வரிசையாகப் பார்த்தால் பதற்றம் தானாக அடங்கும்.

நிஜமாகவே குறைவது இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. செங்கல் சுவருக்கு இரண்டு பக்கமும் பூச்சு ஏறும். பூச்சுக்கு மேல் குளியலறையில் டைல்ஸ் ஏறும். கூடத்தில் இதை யாரும் உணர மாட்டார்கள். ஒன்றரை மீட்டர் அகலக் குளியலறையில் இருபுறமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் போனால், வாங்கி வைத்த கண்ணாடித் தடுப்பு பொருந்தாமல் போகும். குளியலறைப் பொருள்களுக்கு டைல்ஸ் ஒட்டிய பிறகு எடுத்த அளவைத்தான் கொடுக்க வேண்டும்.

வீவக வீடு வாங்குபவர்களுக்கு

பிடிஓ, அதாவது முன்பதிவு செய்த பிறகு வீவக கட்டிக்கொடுக்கும் வீடு, வாங்கியவர்களுக்கு அடித்தளமும் பார்க்கக் கிடைக்காது, சுவரும் பார்க்கக் கிடைக்காது. வரைபடத்திலிருந்து நேராகச் சாவிக்குத் தாவுகிறார்கள். நடுவில் உள்ள ஆண்டுகளில் மனம் அந்த வீட்டைத் தன் போக்கில் பெரிதாக்கிக்கொண்டே போகும். அதனால்தான் சாவி வாங்கிய அன்று பலருக்கும் முகம் வாடிவிடுகிறது.

முதலில் எண்ணைச் சரியாகப் படியுங்கள். இன்றைய நான்கறை வீட்டுக்கு (கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள், படுக்கையறை மூன்றுதான்) விற்பனைக் குறிப்பில் 93 சதுர மீட்டர் என்று ஓர் எண்ணும், அதற்குள் உட்பரப்பு 90 என்று இன்னோர் எண்ணும் இருக்கக்கூடும். இடைப்பட்டது குளிர்சாதனக் கருவியின் வெளிப்பகுதியை வைக்கும் திண்டு. அங்கே நீங்கள் குடியிருக்க முடியாது. உட்பரப்பிலும் சுவர், தூண்களின் தடிமன் அடக்கம். தனியார் அடுக்குமாடி வீடுகளில் 2023 ஜூன் 1 முதல் வந்த கட்டட விண்ணப்பங்களுக்கு, நிலம், கட்டடம் சார்ந்த நான்கு அரசு அமைப்புகளும் ஒரே முறையில் அளக்கின்றன. வெளிச்சுவரின் நடுப்பகுதிவரை கணக்கில் வரும். உயரமான கூடத்தின் மேலுள்ள வெற்றிடம் இனி உங்கள் பெயருக்கு விற்கப்படும் உரிமைப் பரப்பில் சேராது. எனவே அதற்கு முன் ஒப்புதலுக்கு விண்ணப்பித்த திட்டத்தின் வீட்டையும் பின்னர் விண்ணப்பித்த திட்டத்தின் வீட்டையும் வெறும் எண்ணால் ஒப்பிட வேண்டாம்.

1980களில் கட்டிய நான்கறை வீடுகள் பலவும் 100 சதுர மீட்டரைத் தாண்டியவை. அங் மோ கியோவிலோ யீஷூனிலோ அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை இன்று பிடிஓ வாங்கினால் அதே பெயர், அதே எண்ணிக்கை அறைகள், ஆனால் குறைந்த இடம். இதைக் கண்ணின் ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வீடு உண்மையில் சிறியது. போதாக்குறைக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வந்த வீடுகளில் பாம் ஷெல்டர் என்று எல்லாரும் சொல்லும், போர்க்காலத்தில் ஒதுங்குவதற்கான தடித்த கான்கிரீட் அறை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதன் சுவரையோ கதவையோ உடைக்கவோ மாற்றவோ கூடாது. கதவு வெளிப்பக்கம் திறந்தால் அதன் வீச்சுக்குள் அலமாரி எதையும் திட்டமிடாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் தோ பாயோவில் வீவக நடுவத்திலுள்ள மை நைஸ் ஹோம் கேலரிக்குப் போய் மாதிரி வீடுகளைப் பாருங்கள். அங்கே முழு அளவில் அறைகள் இருக்கும். டேப்பை மறக்காதீர்கள். அறைகலன் போட்ட வீடு எப்படித் தெரியும் என்பதைச் சாவிக்கு முன்பே உங்கள் கண் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. 2024 அக்டோபரில் காலாங்-வாம்போவின் கிராஃபர்ட் ஹைட்ஸ் திட்டத்தில் கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் இடையே தடுப்பே இல்லாத வீடுகளை வீவக முன்னோட்டமாக விற்பனைக்கு விட்டது. அத்தகைய வீட்டை எடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தடுப்பில்லாத வீடு வெகு விசாலமாகத் தெரியும். பிற்பாடு இரண்டு தடுப்புகள் எழுப்பியதும் எங்கே போனது அந்த வீடு என்று தோன்றும்.

சாவி வாங்கிய அன்று

வெறும் அறைக்கு எதிரொலி உண்டு. அந்த ஒலியே அறையைப் பெரிதாக்கிக் காட்டும். இந்த மயக்கத்தில்தான் பலர் அன்று மாலையே ஆறு பேர் உட்காரும் சோபாவுக்கு முன்பணம் கட்டிவிடுகிறார்கள். கட்டாதீர்கள். பழைய செய்தித்தாள் ஒரு கட்டும் ஒட்டு நாடாவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வாங்க நினைக்கும் ஒவ்வொரு பொருளின் அளவுக்கும் தாளை ஒட்டித் தரையில் விரியுங்கள்.

படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டருக்கு 3 மீட்டர். வெறுமையாக நின்றால் தாராளம். குயின் கட்டில் மெத்தை 152க்கு 190 சென்டிமீட்டர், துணி அலமாரியின் ஆழம் 60. அலமாரியை ஒரு சுவர் முழுக்க அடித்து, கட்டிலின் தலைமாட்டை எதிர்ச் சுவரில் வைத்தால், 300இல் 60 போக 240, அதில் 190 போக 50. தலைப்பலகையின் தடிமனையும் கழித்தால் 40 சொச்சம். அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு அங்கே ஆள் நிற்க முடியாது. கட்டிலைத் திருப்பி, நீளப் பக்கத்தை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். 240இல் 152 போக 88 கிடைக்கும். நடக்கலாம், கதவு திறக்கலாம். சுவரோரம் படுப்பவர் இரவில் எழுந்தால் கால்மாட்டு வழியாக இறங்க வேண்டும். அது சரிப்படாது என்றால் அலமாரிக்குத் தள்ளு கதவு போடுங்கள், அல்லது அலமாரியைப் பாதிச் சுவரோடு நிறுத்துங்கள். இந்த வாக்குவாதத்தைத் தாள் விரித்த தரையில் நடத்துங்கள். தச்சர் பலகை வெட்டிய பிறகு நடத்தினால் பயன் இல்லை.

ஆள் நடக்கும் வழிக்கு 60 சென்டிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். சமையலறையில் 90 இருந்தால்தான் அடுப்பின் முன் நிற்பவரைக் கடந்து போக முடியும். திரைச்சீலைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். தண்டவாளமும் மடிப்பும் சேர்ந்து சன்னல் பக்கம் 15 சென்டிமீட்டரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

உயரத்தைப் பலர் அளப்பதே இல்லை. புதிய வீவக வீடுகளில் தரையிலிருந்து கூரைவரை ஏறத்தாழ 2.6 மீட்டர். கூரைக்கு அடியில் பலகையால் பொய்க்கூரை போட்டால் 2.4 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. அந்த 20 சென்டிமீட்டரை முழுதும் எடுத்துக்கொண்டால் தரைப்பரப்பில் ஒரு சதுர அடிகூடக் குறையாது, ஆனாலும் வீடே குனிந்துவிட்டதாகத் தோன்றும். மறைமுக விளக்குக்காக ஓரத்தில் மட்டும் பட்டையாக இறக்குங்கள், நடுவை விட்டுவிடுங்கள். நான் பார்த்தவரை சிறிய வீட்டைச் சிறிதாக்குவதில் முழுப் பொய்க்கூரைக்கு இணை வேறு இல்லை.

தரைக்கும் வரம்பு உண்டு. சாந்தும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. புது வீட்டில் முதல் 3 ஆண்டுகளுக்குக் குளியலறைத் தரையையும் சுவர் டைல்ஸையும் உடைக்க அனுமதி இல்லை. வேறு டைல்ஸ்தான் வேண்டும் என்றால் மேலேயே ஒட்ட வேண்டும், ஒவ்வொரு சுவரும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே வரும். இருப்பதே நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள். கூடத்துக்கு 60க்கு 60 டைல்ஸ் போட்டிருந்தால் உங்களுக்கு இலவசமாக ஓர் அளவுகோல் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். டைல்ஸை எண்ணியே எந்தப் பொருள் எங்கே அடங்கும் என்று சொல்லிவிடலாம்.

தச்சு வேலை முடிந்து, அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கும் வாரத்தில் வீடு இருப்பதிலேயே சிறியதாகத் தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். பெட்டிகள் காலியானதும் சரியாகிவிடும்.

சோபாவும் கட்டிலும் கடைசியாக. கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டியவை: மின்தூக்கிக் கதவின் அகலமும் உயரமும், உள்ளே மூலைக்கு மூலை எவ்வளவு, தாழ்வாரம் திரும்பும் இடம், வீட்டு வாசலின் இரும்புக் கதவைத் திறந்து வைத்தபின் மிஞ்சும் அகலம். சோபாவின் கால்கள் கழலுமா, எத்தனை துண்டாக வரும் என்று கடைக்காரரிடம் கேட்டு, விடையை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.