பித்தவெடிப்புக்கு வீட்டிலேயே வைத்தியம்

கொழும்பின் புழுக்கத்தில் உடம்பெல்லாம் வியர்த்து ஒழுகும்போது குதிகால் மட்டும் ஏன் காய்ந்து வெடிக்கிறது என்று பலர் வியப்பதுண்டு. உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை என்பதும், பின்புறம் திறந்த றப்பர் செருப்போடு நாள் முழுவதும் நடக்கையில் குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பிதுங்கித் தடித்த தோலைப் பிளக்கிறது என்பதும் இதற்கு முக்கிய காரணங்களாகும்.

இரவில் கால்களை இளஞ்சூடான நீரில் 10 நிமிடம் வைத்திருந்து, தோல் வெளுத்து மெதுமையானதும், நுரைக்கல்லால் ஒரே திசையில் மெல்லத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் உரித்துவிட முயலக்கூடாது. பிளேட்டால் சீவுவது அதைவிட ஆபத்தானது. ஈரத்தை ஒற்றியெடுத்த உடனேயே, விரலிடுக்குகளைத் தவிர்த்து, 10 முதல் 25 சதவீதம் யூரியா கலந்த கிறீமைப் பூசிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கலாம். வெள்ளவத்தைப் பாமசிகளில் கேட்டுப் பார்க்கலாம். கிடைக்காவிட்டால் வசலினும் போதும். தேங்காயெண்ணெய் ஈரத்தைக் காக்குமே தவிர, தடித்த தோலை யூரியாவைப் போல இளக்காது என்பது என் கருத்து.

பகலில் குதிகாலை மூடிய செருப்பு நல்லது. நீரிழிவு உள்ளவர்களும், வெடிப்பில் இரத்தமோ சீழோ காண்பவர்களும் தாமாகத் தேய்க்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.